எவ்வளவு காட்டணும்?

வருமான வரிக் கணக்கு எழுதும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: "நான் எவ்வளவு சம்பாதிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டு எவரும் நம் படியேறி வருவதில்லை, "எவ்வளவு காட்டணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மாதச் சம்பளக்காரர்களை விடுங்கள். அவர்களுக்கு ஆபீசிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தமாகக் கடை, பட்டறை, படகு, வண்டி என்று வைத்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் ஜூலை மாதம் பிறந்தால் பழைய பில்லைத் தேடி பீரோவையே கவிழ்க்கிற கூட்டம். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன். நான் சொல்லப்போவது நடந்து பத்து வருஷத்துக்குக் கிட்டே ஆகிவிட்டது. ஆனாலும் கார்பன் பேப்பர் வாசனை எங்காவது வந்தால் எனக்கு இன்னும் ராயபுரம் ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது.

கொக்கி

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ காமர்ஸ் படித்தவள் நான். எங்கள் பள்ளியில் கணக்குப் பதிவியலையும் கபடியையும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகி ராயபுரம் வந்தேன். வீட்டுக்காரருக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆனபோது, கல்மண்டபம் பக்கம் ஒரு கயிற்றுக்கடை மாடியில் இருந்த ஆபீசில் வேலை கேட்டுப் போனேன். வாசலில் 'வரி ஆலோசகர்' என்றுதான் போர்டு. ஆனால் ஊருக்கெல்லாம் அவர் 'ஆடிட்டரு'. எனக்கு சார்.

சார் இரண்டே கேள்வி கேட்டார். கையெழுத்து நன்றாக இருக்குமா? எழுதிக் காட்டினேன். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இடுப்பில் இருந்த பாப்பாவை மாற்றி வைத்துக்கொண்டேன். அவர் மேலே பார்த்தார். மின்விசிறிக்கென்று போட்டு, விசிறி மாட்டாமலே விட்ட ஒரு கொக்கி உத்தரத்தில் இருந்தது. மறுநாள் என் பழைய சேலையில் ஒரு தூளி அதில் தொங்கியது.

காத்திருக்கிற வாடிக்கையாளர்கள் சும்மா உட்காராமல் தூளியை ஆட்டுவார்கள். டிரெய்லர் ஓனர், அச்சகக்காரர், ஐஸ் ஃபேக்டரிக்காரர் எல்லாரும் என் பெண்ணை ஆட்டியிருக்கிறார்கள். குழந்தை எழுந்துவிடும் என்று குரலைத் தாழ்த்தித்தான் பேச முடியும். மேஜையைத் தட்டி, "வியாபாரமே இல்ல சார்!" என்று சத்தம் போட முடியாது. ஒருநாள் சார் ரகசியமாக என்னிடம் சொன்னார்: "உன் பொண்ணு தூங்குறப்பதாம்மா கிளையண்ட் உண்மையைப் பேசுறான். அவளை எழுப்பிடாதே."

மூன்று வருஷம்

மாசி மாதம் ஒரு மத்தியானம் சரசு அக்கா வந்தார். கையில் ஒரு தூக்குவாளி, அதில் மோர். வெறுங்கையோடு எந்த வாசலையும் மிதிக்காதவர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போவதற்கு டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசைக்கு நேர் எதிரே அக்காவின் மெஸ். போர்டு கிடையாது. டிரைவர்களுக்கு அது 'அக்கா கடை', அவ்வளவுதான். புருஷன் காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வந்து போடுவார். அடுப்பும் கல்லாவும் அக்கா. கட்டடம் வாடகை. அந்தக் கட்டடத்தை ஓனர் விற்கப்போகிறார். வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு பார்ட்டி கேட்கிறது. அது வாங்கினால் மெஸ்ஸை இடித்துத் தரையாக்கி, டிரெய்லர் நிறுத்தும். "பதினஞ்சு வருசமா கீற, சித்திரை முடியறதுக்குள்ள நீ வாங்கிக்கிறியா சொல்லு, உனக்கே குடுக்குறேன்" என்று ஓனர் அக்காவுக்குத் தவணை சொல்லியிருக்கிறார். அக்கா வங்கிக்குப் போனார். வங்கியில், "மூணு வருஷத்து இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் இருக்கா?" என்று கேட்டார்கள். ரிட்டர்ன் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருவது என்றுதான் அக்காவுக்குத் தெரியும்.

சார் விரல்விட்டு எண்ணினார். தாமதமாகக் கணக்குப் போட அப்போது சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. மாசியில் வந்ததால் பழைய வருஷங்களில் இரண்டை மார்ச் முடிவதற்குள் போட்டுவிடலாம். மூன்றாவதை ஏப்ரல் பிறந்ததும் போடலாம். மார்ச்சைத் தாண்டி வந்திருந்தால் ஒரு வருஷம் கைநழுவிப் போயிருக்கும், அதோடு கடையும். சார் பேனாவைத் திறந்து, பழக்கதோஷத்தில், "சரிம்மா, எவ்வளவு காட்டலாம்?" என்றார். அக்கா சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூளியை ஒரு ஆட்டு ஆட்டினார். "உள்ளத உள்ளபடி காட்டு சார். எல்லாம் ஒளிக்கறதுக்கு வழி கேட்டுகினு வராங்கோ, நான் காட்டறதுக்கு வழி கேட்டுகினு வந்துகீறேன். எனக்கு ஒண்டி பீஸுல கொறைச்சிக்கோ."

எண்ணூரில் ஒரு அரிசி டின்

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வருமானம் இருக்கோ இல்லையோ, வீட்டில் டெலிபோன் இருந்தாலே ரிட்டர்ன் போட வேண்டும். போன் கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் தவம் கிடந்து வாங்கியவர்கள், வந்த போனை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்த காலம் அது.

எண்ணூரில் ஒரு கருவாட்டு வியாபாரி எங்கள் வாடிக்கையாளர். கையெழுத்து வாங்கி வரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். "ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வரும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. நான் போனபோது வியாபாரி வீட்டில் இல்லை. அவர் மனைவி வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், நான் கேட்காமலே, "நம்ம வூட்ல போனு கீனு எதுவும் கெடையாது மேடம்" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு ஒயர் வந்து, சாமி படத்துக்குக் கீழே போய், மூலையில் இருந்த அரிசி டின்னுக்குள் இறங்கியிருந்தது.

இரண்டு பேரும் அந்த டின்னைப் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அரிசி மணியடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பாவம், அந்த அம்மா மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை அரிசியில் விட்டு, ரிசீவரை எடுத்தார். கருவாட்டு வியாபாரிக்கு ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை, எனக்கே கேட்டது: "இன்னாடி, அந்த இன்கம்டாக்ஸு பொம்பள பூட்டாளா இல்லியா?" அந்த அம்மா ரிசீவரைத் திரும்ப அரிசிக்குள் புதைத்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் என்னிடம் சொன்னார்: "ராங் நம்பரு."

ஆடு எந்தத் தலைப்பில்?

காசிமேட்டு விசைப்படகு ஓனர் தேசப்பன் அண்ணன் வந்தால் அன்றைக்கு ஆபீசில் வேறு வேலை நடக்காது. முதலில் எனக்கும் அவருக்கும் ஒரு விசாரணை நடக்கும்.

"ஊர்ல உங்க நைனா இன்னா பண்றாரு?"

"நெல்லும் மல்லாட்டையும் போடுறாருண்ணே."

"அவருக்கு வரி கீதா?"

"விவசாயத்துக்கு இல்லண்ணே."

"அவரு நெலத்துல அறுக்கறாரு, நான் கடல்ல அறுக்கறேன். எனக்கு ஒண்டி இன்னாத்துக்கு வரி?"

"நீ விதைக்கலையேப்பா" என்பார் சார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "வெதைக்காம அறுக்கறது எம்மாம் பேஜாருன்னு ஒரு நாளைக்கு வா சார், காட்டறேன்" என்பார் தேசப்பன் அண்ணன்.

அந்த வருஷம் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்துத் திரும்ப இறக்கியிருந்தார். செலவுகளை அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் தலைப்பு போட்டு எழுதினேன். டீசல், ஐஸ், வலை, ஆட்களுக்கு பேட்டா. "ஆடு ஒண்ணு" என்றார். பேனா நின்றுவிட்டது. படகு இறக்குகிற அன்று ஆத்தாளுக்கு வெட்டிய ஆடு. "அது உன் சொந்தச் செலவு, தொழில் செலவுல கழிக்க முடியாது" என்றார் சார். சொந்தத் தொழில் செய்கிற எல்லாருக்கும் வருகிற சண்டைதானே இது? எது வீட்டுக்கு, எது தொழிலுக்கு என்று கோடு போடச் சொல்வார்கள், நாம் கோட்டின்மேலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருப்போம். கடைசியில் 'படகு இறக்கும் செலவு' என்று ஒரு தலைப்பு போட்டுக்கொள்ள சார் சம்மதித்தார். அவரைச் சம்மதிக்க வைத்த வாசகம் இது: "டீசலு போடலேன்னா படகு ஒண்டிதான் சார் நிக்கும். ஆடு போடலேன்னா ஒரு ஆளு ஏற மாட்டான். இப்ப சொல்லு, எது தொழில் செலவு?"

அக்காவின் சம்பளம்

சரசு அக்காவிடம் கணக்கு என்று ஒன்றும் எழுதி வைத்ததில்லை. அதனால் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணி வாக்கில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே மெஸ்ஸுக்குப் போய்விடுவேன். அரிசி மண்டியில் கேட்டு எத்தனை மூட்டை, விறகு எவ்வளவு, மீன் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தோம். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வார். எதிரே டிரெய்லர்கள் ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். பாப்பா சாம்பார் வாளி மூடியைத் தட்டித் தாளம் போடுவாள். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் நாக்கில் நெத்திலிக் குழம்பு வருகிறது.

வில்லங்கம் இரண்டு இடத்தில் வந்தது. முதலாவது, அக்கா குடும்பமும் மெஸ்ஸிலேயே சாப்பிடுகிறது. அதற்கான செலவைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுத வேண்டும் என்றேன். "நானே ஆக்கி நானே துன்றதுக்கும் கணக்கா?" என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டார். இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் சம்பளம் எழுதினேன், பாத்திரம் கழுவுகிற அம்மா சம்பளம் எழுதினேன், கோடு போட்டுக் கூட்டிவிட்டேன்.

"எனக்கு?"

"அக்கா, முதலாளி தனக்குத்தானே சம்பளம் எழுதிக்க முடியாது. எல்லாச் செலவும் போக மிச்சம் இருக்குல்ல, அதுதான் உங்க சம்பளம்."

அக்கா கீரையைக் கீழே வைத்தார். "காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்தவைக்கறது நானு. வெந்து வேர்த்து வடியறது நானு. மிச்சம்தான் சம்பளம்னா, மிச்சம் இல்லாத அன்னிக்கு நான் இன்னா, அன்னதானமா பண்ணிகினு கீறேன்?"

ஏகாம்பரத்தின் செக்

இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் ஏகாம்பரம் அண்ணன் கோபித்துக்கொள்வார், ஊரெல்லாம் அவரே சொல்லிச் சிரித்த கதை. திருவொற்றியூரில் லேத் பட்டறை. பெரிய ஃபேக்டரிகளுக்கு போல்ட், புஷ் கடைந்து கொடுப்பார். ஃபேக்டரியில் பில் பணம் தரும்போது ஒரு சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரில் வரியாகக் கட்டிவிடுவார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்து, அவர் கட்டவேண்டியது அதைவிடக் குறைவு என்றால் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அண்ணனுக்கு இது தெரியாது. அங்கே யாரோ மாமூல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து பல வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். சார் சண்டை போடாத குறையாக வரி பிடித்ததற்கு ஃபேக்டரி தருகிற சான்றிதழ்களை வாங்கி வரச்சொல்லி, கணக்குப் போட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினார்.

ஒருநாள் ரிஜிஸ்டர் தபாலில் அவர் பெயருக்கே செக் வந்துவிட்டது. அண்ணன் நேராக வங்கிக்குப் போகவில்லை. அப்போது எல்லாருக்கும் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது, நினைவிருக்கும்: ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கையில் கிடைத்ததையெல்லாம் லேமினேஷன் போடுவது. அண்ணனும் போட்டுவிட்டார். முன்னும் பின்னும், கெட்டியாக, பளபளவென்று. வங்கிக் கவுண்ட்டரில் அதை வளைத்துப் பார்த்தார்களாம், தட்டிப் பார்த்தார்களாம், முத்திரை குத்தினால் வழுக்கிக்கொண்டு போனதாம்.

வேறு செக் கேட்டு மனு எழுதினேன். லேமினேஷன் போட்டதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிதாகத் தருவார்கள். அதைக் கையை விட்டுக் கொடுக்க அண்ணனுக்கு மனசே வரவில்லை. "கவர்மெண்டு என் பேரப் போட்டு மொத மொதல்ல அனுப்பின காயிதம்மா. காசு மெதுவா வரட்டும், அத்த ஒண்டி எப்டியாவது திருப்பி வாங்கிக் குடு."

நாலு காப்பி

மார்ச் கடைசி வாரம். அக்காவின் இரண்டு பழைய வருஷத்துக்கும் வரி கணக்காகிவிட்டது. பெரிய தொகை இல்லை, ஆனால் உண்டு. வங்கியில் நாலு காப்பி சலானில் எழுதிக் கட்ட வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் சேர்த்து எழுதினேன். "கவர்மெண்டும் வட்டிக்கு வுடுதா?" என்று அக்கா கேட்டார்.

கவுண்ட்டரில் பெரிய வரிசை. எல்லார் முகமும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி. அக்கா மட்டும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். முன்னால் நிற்கிறவர், பின்னால் நிற்கிறவர் எல்லாரிடமும், "நானும் வரி கட்டத்தான் வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டார். முத்திரை விழுந்த ரசீதைக் கண்ணாடிக்குள்ளிருந்து நீட்டிய கேஷியர் ஒரு நிமிஷம் அக்காவையே பார்த்தார். "ஏம்மா, இருபது வருஷமா இந்தச் சீட்ல உட்கார்ந்திருக்கேன். சிரிச்சுக்கிட்டே கட்டின ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

ஸ்டிரைக் அன்று

ஏப்ரல் முதல் வாரத்தில் மூன்றாவது ரிட்டர்னையும் போட்டாயிற்று. மூன்று ஒப்புகைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் கடன் கேட்ட வங்கிக்குப் போனோம். மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். சீட்டுகளைப் புரட்டினார். "மூணு வருஷம் சரி. ஆனா மூணும் ரெண்டே மாசத்துல போட்டிருக்கீங்களே. லோனுக்காக எழுதின கணக்குன்னு மேலே கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கடையை நேர்ல பார்க்கணும்" என்றார். அக்கா முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு போனது. தவணை முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. ஓனர் வீட்டு வாசலில் அந்த பார்க்கிங் பார்ட்டியின் ஸ்கூட்டர் தினமும் நின்றுகொண்டிருந்தது.

மேனேஜர் வருவதாகச் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னால் லாரி ஸ்டிரைக் ஆரம்பித்தது. துறைமுகத்து கேட் மூடியாகிவிட்டது. வண்டி ஓடாவிட்டால் டிரைவர் ஏது, டிரைவர் இல்லாவிட்டால் மெஸ் ஏது? ஆனால் போய்ப் பார்த்தால் மெஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வண்டிகளெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன, சரக்கோடு வண்டியை விட்டுவிட்டு டிரைவர்கள் எங்கேயும் போக முடியாது. சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பெஞ்சு நிறைந்து, வாசலில் நின்றுகொண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வந்தார். மூலையில் அவருக்கு ஒரு இலை போட்டேன். ரசித்துத்தான் சாப்பிட்டார். அப்புறம் கல்லாவைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒருவன் எழுந்தான், இலையை எடுத்துப் போட்டான், கை கழுவினான், "அக்கா, என் பேருல ஏத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனும்.

மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார். "என்னம்மா இது? ஒருத்தன்கூடக் காசு கொடுக்கலையே. எதை வருமானம்னு எழுதியிருக்கீங்க?" மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அக்காவுக்குப் பாம்புச் செவி. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியோடு வந்து நின்றார். கடை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அக்கா கல்லாவுக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சீட்டுக்கட்டு மாதிரி டிரைவிங் லைசென்ஸ்கள். ஸ்டிரைக் வந்தால் டிரைவர்கள் அவர்களாகவே அக்காவிடம் லைசென்ஸைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவது அந்த ரோட்டில் வழக்கமாம், எனக்கே அன்றுதான் தெரியும். "சார், அவன் வண்டி என் வாசல்ல நிக்குது. லைசென்ஸு என் டப்பால கீது. வவுறு என் அடுப்ப நம்பிகினு கீது. எங்க சார் பூடுவான்?"

வெறுங்கை

"மேலே எழுதிப் போட்டுட்டுச் சொல்றேன்" என்றார் மேனேஜர். சாப்பாட்டுக்குக் காசை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். அடுத்த பத்து நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்று மாஸ்டர் சொன்னார். பிறகு ஒருநாள், மத்தியானச் சோற்றை வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வங்கியிலிருந்து ஆள் வந்து கடன் சாங்ஷன் ஆனதைச் சொன்னான். கேட்டதில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார்கள். மீதிக்காக அக்கா கழுத்தில் கிடந்தது போயிற்று, மஞ்சள் கயிறு வந்தது. சித்திரை முடிய நாலைந்து நாள் இருக்கும்போது பத்திரம் பதிவானது. அன்று அக்கா கடையில் எல்லாருக்கும் பாயசம். வரிசையில் நின்ற டிரைவர்கள் ஹாரன் அடித்த அடியில் பாப்பா பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஜூலையில் அக்கா மறுபடி படியேறி வந்தார். அதே பட்டுச்சேலை, அதே பூ, கையில் அதே தூக்குவாளி. முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டே வந்துவிட்டார். நான் கணக்குப் போட்டேன். கடனுக்குக் கட்டிய வட்டி தொழில் செலவு, கழியும். கட்டடம் சொந்தமானதால் அதன் தேய்மானமும் கழியும். கழித்துப் பார்த்தால் வருமானம் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. ரிட்டர்ன் மட்டும் போட்டால் போதும். "அக்கா, நல்ல சேதி. இந்த வருஷம் உங்களுக்கு வரியே இல்லை" என்றேன்.

அக்கா நின்றபடியே இருந்தார். "இன்னா சொல்ற?"

"கட்டவேண்டியது ஒண்ணும் இல்லக்கா."

"வாடகைக்கு இருந்தப்ப வரி கட்டினேன். சொந்தமா கடை வாங்கினப்புறம் வரி இல்லையா? கடை வாங்கி நான் ஏழையாயிட்டனா?"

வட்டியைச் சொன்னேன். தேய்மானத்தைச் சொன்னேன். "சுவரு நல்லாத்தானே கீது, எங்க தேஞ்சுது?" என்றார். சாரைக் கூப்பிட்டேன், சாரும் சொன்னார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, மூன்று பேருக்கும் மோர் ஊற்றினார். தூளியில் இடம் போதாமல் வளர்ந்துவிட்ட பாப்பாவுக்கும் ஒரு வாய் கொடுத்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த நோட்டுகளில் ஒன்றை உருவி, யாருக்கும் கேட்காத மாதிரி என்னிடம் குனிந்து சொன்னார்: "சரி, அவங்க சட்டம் அவங்களுக்கு. நீ இத்த எடுத்துகினு போயி, எதுனா கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு கண்ணு. கவர்மெண்டு ஆபீஸுக்கு எங்கூட்டு காயிதம் வெறுங்கையோட போனா நல்லாவா கீது?"

வரி கட்டுங்கள் என்று எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன், ஆனால் வரி வேண்டாம் என்று ஒருவரைச் சமாதானப்படுத்தத்தான் எனக்கு ஒரு முழு மத்தியானமும் மூன்று டம்ளர் மோரும் ஆயிற்று.